குறையில்லாத குதிரை

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் சாலையில் ஜெயவேலு தவிட்டுக் கடை வைத்திருந்தான். கிண்டிக் குதிரை லாயங்களுக்கும் அவ்வப்போது கொள்ளும் வைக்கோலும் அனுப்புவான். அங்கே ஒரு முதலாளி தன் லாயத்தைக் கலைத்தபோது, பந்தயத்துக்கு உதவாமல் போன குதிரை ஒன்றை அவனுக்குச் சல்லிசாகக் கொடுத்தார். சிவப்பு நிறம், நெற்றியில் விரல் அகலத்துக்கு வெள்ளை. செவலை என்று பெயர் வைத்து, விழுந்தும் எழுந்தும் தானே சவாரி பழகிக்கொண்டான். மாலையில் கடையை மனைவி சாமுண்டீஸ்வரியிடம் விட்டுவிட்டு ஏரிக்கரையில் அதை ஓட்டிக்கொண்டு போவதுதான் அவனுக்கு இருந்த ஒரே சொகுசு.

அறுபத்தேழாம் வருஷம் மைத்துனன் குப்புராஜ் அந்தக் குதிரையில் திருநீர்மலைக்குப் போனான். திரும்பும் வழியில் பம்மல் பக்கம் கல் குவாரியில் வெடி வைத்தார்கள். செவலை ஒரே பாய்ச்சலில் அவனைக் கல் மேட்டில் தூக்கி எறிந்துவிட்டு ஓடியது. குப்புராஜுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஓட்டத் தெரியாதவன் கடிவாளத்தை வெட்டி இழுத்திருப்பான் என்றுதான் ஜெயவேலு முதலில் நினைத்தான். சந்தேகம் தீர, ஒரு நாள் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு தானே அந்தக் குவாரி வரை நடந்து போனான். வெடி விழுந்ததும் தரை அதிர்ந்தது. செவலையின் கண் வெள்ளையாகப் பிதுங்கியது. அது அவனைக் கருவேல முள்ளில் இழுத்துக்கொண்டு போய், கயிறு அறுந்த பிறகுதான் விட்டது. லாரிக்கோ மேளத்துக்கோ காது கூட அசைக்காத மிருகம். பாறை வெடிக்கு மட்டும் அது வேறு மிருகமாகிவிடும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

"வித்துடு. எங்க அண்ணன் கை போனது போதும்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

வெடிக்கு மிரளும் என்று சொன்னால் ஜட்காக்காரர்களைத் தவிர யாரும் வாங்க மாட்டார்கள். அவர்கள் வண்டியில் பூட்டி, சவுக்கால் அடித்தே அடக்குவார்கள். அதை நினைத்தால் ஜெயவேலுவுக்கு மனசு வரவில்லை. கடைக் கூரையும் ஒழுகிக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் மனசில் போட்டுக்கொண்டு அவன் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோதுதான் எலியேசர் சார் வந்தார்.

அவர் கல்லூரியில் தாவரவியல் பாடம் நடத்துகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் விதவையான தங்கை தபீதாளோடு இருந்தார். செடி தேடி மலை மலையாக ஏறி இறங்கியதில் முழங்கால் தேய்ந்து, அரை மைல் நடந்தாலே உட்கார வேண்டியிருந்தது. இளம் வயதில் பெங்களூரில் சவாரி பழகியவர். அதனால் ஒரு குதிரை இருந்தால் வண்டலூர்க் காட்டுப் பக்கம் பழையபடி சுற்றலாம் என்று யோசனை.

"எனக்கு வேகம் வேண்டாம் ஜெயவேலு. பாதையில கல்லு, பள்ளம் பார்த்துக் கால் வைக்கணும். நான் இறங்கி ஒரு செடியைப் பார்த்துட்டு இருந்தா பேசாம நிக்கணும். முக்கியமா மிரளக் கூடாது. கீழே விழுந்தா எழுந்திருக்கற வயசு தாண்டிடுச்சு."

"நம்ம செவலை பசு மாதிரி சார்."

சார் பேச்சை மட்டும் நம்புகிறவர் இல்லை. பல்லைப் பார்த்தார். நான்கு குளம்பையும் தூக்கித் தட்டிப் பார்த்தார். ஏறி ஓட்டினார், இறங்கி நடத்தினார், குடையை அதன் முகத்துக்கு நேரே விரித்து மூடினார். செவலை கொட்டாவி விட்டது.

"சத்தத்துக்கு எப்படி?"

ஜெயவேலு ஒரு கணம்தான் யோசித்தான். "வாங்க சார், காட்டறேன்" என்று குதிரையை ரயில்வே கேட்டுக்கு நடத்திக்கொண்டு போனான். பீச்சிலிருந்து வந்த மின்சார ரயில் ஊதிக்கொண்டே கடந்து போயிற்று. பத்தடி தள்ளி நின்ற செவலை வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. சாரின் முகம் மலர்ந்தது. காட்டியதில் பொய் ஏதும் இல்லை என்று ஜெயவேலு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கடைக்குத் திரும்பியதும் விலைப் பேச்சு. நானூறுக்கு முடிந்தால் போதும் என்று நினைத்து, ஜெயவேலு ஐந்நூறு சொன்னான். சார் பேரம் பேசவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்து முழங்காலைத் தடவியபடி உரக்கவே கணக்குப் போட்டார்.

"வயசு பத்துக்கு மேல இருக்கும். அதுக்குக் கொஞ்சம் குறைக்கணும். முன்னங்கால்ல ஒரு பழைய தழும்பு. நடையில ஒண்ணும் தெரியல, அதுக்குக் குறைக்கறது நியாயம் இல்ல. கிண்டியில விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். இவ்வளவு சாதுவா, ஒரு குறையும் இல்லாத குதிரைன்னா எழுநூறு வரைக்கும் போகுதாம். நீங்க குறைச்சுச் சொல்றீங்க. அறுநூத்தைம்பதுதான் ஃபேர்."

ஜெயவேலு அவசரமாகக் கையை ஆட்டினான். "வேணாம் சார். ஐந்நூறே போதும்."

"உங்களுக்குப் போதும். அதை ஏமாத்தி வாங்கிட்டு தினம் அது முதுகுல ஏறி உக்கார எனக்கு ஒரு மாதிரி இருக்கும். கடைசியா ஒண்ணு கேக்கறேன். ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இருந்தாலும் வாங்கிப்பேன். விலையைக் கொஞ்சம் மாத்திக்கலாம், நான் போற பாதையை மாத்திக்கலாம். அவ்வளவுதானே?"

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஜெயவேலு வாயைத் திறந்தான். கேட்டவரின் முகத்துக்குப் பதில் கூரையில் சாக்கு செருகியிருந்த ஓட்டைதான் அவன் கண்ணில் பட்டது.

"ஒண்ணும் இல்ல சார்" என்றான்.

சார் செவலையைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, சாமுண்டீஸ்வரி உள்ளேயிருந்து வந்தாள்.

"வெடி சமாச்சாரம் சொன்னியா?"

"அவரு எங்க கேட்டாரு?"

"கேட்டாரே. நான் உள்ள புளி கரைச்சுகினுதான இருந்தேன். சத்தம்னு கேட்டாரு, குறைன்னு கேட்டாரு. இன்னும் எப்டி கேக்கணும் உனுக்கு?"

"அவரு வண்டலூர் பக்கம்தான் போவாரு. அங்க ஏது வெடி?"

"அப்ப சொல்றதுக்கு இன்னா வலிச்சுது?"

அவன் பணத்தை அவளிடம் நீட்டினான். அவள் பணத்திலிருந்து நூற்றைம்பதைத் தனியாக எடுத்து மடித்தாள். "கூரைக்கு அஞ்சூறு எட்த்துக்க. அந்த மனுஷன் கூடப் போட்டுக் குட்த்தத நான் தொட மாட்டேன், நீயும் தொடாத." அதைத் துணிப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டு மறுபடி சமையலுக்குப் போய்விட்டாள்.

கூரைக்கு ஓடு போட்டாயிற்று. மழை பெய்தால் கடை நனையவில்லை. ஆனால் ஜெயவேலுவுக்கு அந்தக் கடையில் உட்காருவதுதான் கஷ்டமாகிவிட்டது. வாரத்தில் ஓரிரு நாள் சார் குதிரை மேலேயே தவிடு வாங்க வருவார். வந்து இறங்குவதற்கு முன்பே செவலையின் புகழ் பாட ஆரம்பித்துவிடுவார். வண்டலூரில் ஒரு பாம்பு குறுக்கே போனதாம், செவலை நின்று வழி விட்டதாம். கல்லூரியில் மாடு வைத்திருக்கிறவர்களையெல்லாம் இந்தக் கடைக்கே அனுப்பினார். அப்படி வந்த ஒருவர், "எலியேசர் சொன்னாரு, ஜெயவேலு வார்த்தையை நம்பி வாங்கலாம்னு" என்று சொன்னபோது அவன் தராசைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

மனசு ஆறுவதற்காகச் சாருக்கு மட்டும் தவிட்டை நிறையப் போட்டுக் கட்டினான். அதுவும் நடக்கவில்லை. மறுநாளே ஒரு சின்ன மூட்டையோடு சார் வந்தார்.

"வீட்டுல நிறுத்துப் பார்த்தேன். ரெண்டு கிலோ கூடப் போட்டுட்டீங்க. உங்க தராசைச் சரிபாருங்க ஜெயவேலு, நஷ்டப்பட்டுடுவீங்க."

எச்சரிக்கை செய்ததுபோலவும் இருக்க வேண்டும், உண்மையைச் சொன்னதாகவும் ஆகக் கூடாது. அப்படி ஒரு வழியைத்தான் அவன் தேடிக்கொண்டிருந்தான். "வண்டலூர் பக்கமே போங்க சார், அங்கதான் நிழல் கீது" என்பான். "பம்மல் பக்கம் ரோடே சரியில்ல சார்" என்பான். சார் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். அப்படிச் சொன்ன இரவுகளில் அவனுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

மறு வருஷம் கார்த்திகை மழை விட்ட ஒரு சனிக்கிழமை காலை. கடையில் கூட்டமாக இருந்தது. சார் குதிரையிலிருந்து இறங்காமலே குரல் கொடுத்தார்.

"ஜெயவேலு, இன்னைக்குத் திருநீர்மலைப் பக்கம்! பாறை இடுக்குல ஒரு செடி பூத்திருக்காம், ஸ்டூடன்ட் ஒருத்தன் பார்த்துட்டு வந்து சொன்னான். மழை விட்டு ரெண்டு வாரம்தான் இருக்குமாம்."

ஜெயவேலு கையிலிருந்த படியோடு வெளியே வந்தான். "அந்தப் பக்கம் வேணாம் சார்."

"ஏன்?"

கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் கல்லூரியிலிருந்து வருகிறவர்களும் இருந்தார்கள். வார்த்தையை நம்பி வந்தவர்கள்.

"கல்லு ரோடு சார். குளம்பு தேஞ்சிடும்."

"அதுக்கென்ன, லாடம் புதுசா அடிச்சாச்சு" என்று சார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். செவலை பழைய எஜமானின் தோளை ஒருமுறை முகர்ந்துவிட்டு நடந்தது.

ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். நடையில் போகிற குதிரையைப் பிடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. யாரோ "இன்னாப்பா, புண்ணாக்கு எடு" என்றார்கள். ஜெயவேலு புண்ணாக்கு எடுத்தான்.

அதற்கப்புறம் அன்று அவன் தராசில் நிறுத்ததெல்லாம் தப்பு. பருத்திக்கொட்டை கேட்டவருக்குக் கொள்ளு கட்டினான். சனிக்கிழமை குவாரியில் அரை நாள்தான் வேலை, ஒருவேளை வெடி வைக்காமலே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான். சார் அதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் போயிருப்பார் என்று நினைத்தான். உச்சி வேளையில் வடக்கே எங்கோ தொலைவில் டம் என்று கேட்டதுபோல இருந்தது. "உனுக்குக் கேட்டுதா?" என்று சாமுண்டீஸ்வரியைக் கேட்டான். "இன்னாது?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவரு எங்க போயிருக்காரு?" என்றாள். அவன் சொன்னதும் அவள் திட்டவில்லை. கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள். "சைக்கிள எட்த்துகினு போ" என்றாள்.

போகிற வழியிலேயே, பல்லாவரத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு போன லாரிக்காரன் சேதி சொன்னான். காலேஜ் வாத்தியார் ஒருவர் குதிரையிலிருந்து விழுந்துவிட்டார். கல் உடைக்கிற பெண்கள் கட்டிலில் தூக்கிப்போட்டுச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள்.

"உசுரு?"

"உசுரு கீது. கால்தான் போச்சு. அங்கவடில பாதம் மாட்டிகினு கொஞ்ச தூரம் இஸ்துகினு போயிடுச்சாம்."

செவலை திருநீர்மலை ஏரிக்குள் முழங்கால் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றது. சேணம் வயிற்றுக்குக் கீழே புரண்டிருந்தது. ஒரு பக்கம் கால் வைக்கும் அங்கவடியைக் காணவில்லை. அவனைக் கண்டதும் தானாகவே நடந்து வந்தது.

சாரை ஆஸ்பத்திரியில் பார்க்க அவனுக்கு மூன்று நாள் தைரியம் வரவில்லை. நான்காம் நாள் போனான். தொடை எலும்பு இரண்டாக முறிந்து, காலைத் தூக்கிக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். தபீதாள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் சார் எழுந்திருக்கப் பார்த்தார்.

"செவலைக்கு அடி படலையே?"

"இல்ல சார். நம்ம வூட்ல கட்டி வச்சிருக்கேன்."

சார் கண்ணை மூடித் திறந்தார். "என்னை மன்னிக்கணும் ஜெயவேலு. ஒரு குறையும் இல்லாத குதிரையைக் குடுத்தீங்க, நான் கெடுத்துட்டேன். ரயிலுக்கு அசையாத மிருகம் அது. அந்த வெடிக்குப் பக்கத்துல யாராவது கொண்டுபோவாங்களா? குவாரிக்காரன் விசில் ஊதினான், சிவப்புக் கொடி காட்டினான். செடியைப் பார்க்கற ஆசையில நான்தான் கவனிக்கல. நீங்க அன்னைக்கே வேணாம்னு சொன்னீங்க."

"அண்ணன் இதையேதான் சொல்லிட்டு இருக்காங்க, குதிரையைக் கெடுத்துட்டேன், கெடுத்துட்டேன்னு" என்றாள் தபீதாள். "அவங்க கால் போனதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

ஜெயவேலு கொண்டுபோன சாத்துக்குடியைக் கட்டிலடியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். வாசல் வரை வந்து, மறுபடி வார்டு கதவு வரை போய், மறுபடி திரும்பினான்.

"சொன்னியா?" என்றாள் சாமுண்டீஸ்வரி. அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

ஒரு மாதம் கழித்துச் சார் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். இனிமேல் சவாரி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"குதிரையை வித்துடலாம் ஜெயவேலு. வாங்கறவங்ககிட்ட வெடி விஷயத்தைச் சொல்லித்தான் விக்கணும். சொன்னா விலை இறங்கும், இறங்கட்டும். உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீங்களே ஒரு நியாயமான விலை சொல்லுங்க."

ஜெயவேலு தயாராகத்தான் வந்திருந்தான். வீட்டுப் பால் மாட்டை விற்று ஐந்நூறு புரட்டியிருந்தான். துணிப்பெட்டியிலிருந்த நூற்றைம்பதையும் சேர்த்து மடியில் கட்டியிருந்தான். "நானே வாங்கிக்கறேன் சார். குடுத்த விலைக்கே. அறுநூத்தைம்பது."

சார் சிரித்தார். "அது எப்படி? குறையில்லாத குதிரைக்குத்தான் அந்த விலை. இப்ப இது குறையுள்ள குதிரை. இருநூறுக்கு மேல போகாது. எனக்கு அடிபட்டுதுன்னு நீங்க நஷ்டப்படறதா? வாங்க மாட்டேன்."

"இல்ல சார், வாங்கிக்குங்க."

"நோ, நோ. இருநூறுன்னா குடுங்க. அதுக்கு மேல ஒரு பைசா வாங்கினா உங்களை ஏமாத்தினதா ஆகும்."

பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடலாம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அந்த வழியைச் சார் அடைத்துவிட்டார். உண்மையைச் சொல்லாமல் அந்தப் பணத்தை அவர் கையில் கொடுக்கவே முடியாது. நோட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயவேலு நின்றான்.

"சார், அதுக்கு அப்பவே அந்தக் குறை இருந்துது."

தபீதாளின் விசிறி நின்றது.

"என் மச்சானை இதே குவாரில தள்ளுச்சு. அப்பால நானே கூட்டிகினு போய்ப் பாத்தேன். வெடிச் சத்தம்னா அதுக்கு ஆவாது. எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

சார் அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று அவன் காத்திருந்தான். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. பாடத்தில் எங்கோ விட்டுப்போன ஒரு வரியைத் தேடுவதுபோல இருந்தது.

"அந்த ரயில்?"

"ரயிலுக்கு மிரளாது சார். அது நெசம்."

"தெரியும். அதனாலதான் அங்க கூட்டிட்டுப் போனீங்க." தூக்கிக் கட்டிய காலைப் பார்த்தபடி, "நான் இத்தனை நாளா அந்தக் குதிரையை நான் கெடுத்துட்டேன்னு நினைச்சுட்டு இருந்தேன்" என்றார்.

தபீதாள் எழுந்தாள். "வெளிய போங்க" என்றாள். குரல் உயரவில்லை. "எங்க அண்ணன் உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டாங்களாம். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையா சொன்னாங்க, நல்ல மனுஷன், விலையைக் கூட்டிக்கவே மாட்டேன்னுட்டார்னு."

"இரு தபீதா." சார் கையை நீட்டினார். "இப்ப அந்த அறுநூத்தைம்பதைக் குடுங்க. இப்ப வாங்கிக்கலாம், அது சரியான விலை."

அவர் எண்ணிப் பார்த்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். "ஆஸ்பத்திரிச் செலவும் நான் சார்..." என்று ஜெயவேலு ஆரம்பித்தான்.

"காலுக்கு விலை பேசாதீங்க" என்று சார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கல்லூரிக்காரர்கள் யாரும் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. சார் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், தபீதாள் சொல்லியிருப்பாள் என்று ஜெயவேலு நினைத்தான். சொல்லட்டும் என்றும் நினைத்தான். சொன்ன பிறகு பாரம் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்திருந்தான், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. செவலை மேல் அவன் ஏறவே இல்லை. கொல்லையில் அது நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், கடையில் நின்றவர்கள் நடுவே தான் புண்ணாக்கு எடுக்கத் திரும்பிய அந்த நொடிதான் வந்தது.

பங்குனியில் படப்பையிலிருந்து ஒரு வண்டிக்காரன் குதிரை கேட்டு வந்தான். அவன் பல்லைப் பார்ப்பதற்கு முன்பே ஜெயவேலு சொன்னான். "வெடிச் சத்தத்துக்கு மிரளும். ஒருத்தர் கால் போயிருக்கு. குவாரி இருக்கற பக்கம் கொண்டு போகவே கூடாது."

வண்டிக்காரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "இத்த நீயே வாய்விட்டு சொல்றன்னா, சொல்லாம இன்னும் இன்னா வச்சிருக்க?"

"வேற ஒண்ணும் இல்லப்பா."

"எல்லாரும் அப்டித்தான் சொல்வாங்க" என்று அவன் நூற்றைம்பதுக்கு மேல் ஏற மறுத்துவிட்டான். ஜெயவேலு பேரம் பேசவில்லை. சவுக்கால் அடிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். வண்டிக்காரன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான்.

அடுத்த வருஷம் ஒரு நாள் தாம்பரம் மார்க்கெட்டில் சாரை நேருக்கு நேர் பார்க்கும்படி ஆயிற்று. கம்பு ஊன்றிக்கொண்டு, ஒரு கால் குட்டையாக, கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஜெயவேலு நழுவப் பார்த்தான். அதற்குள் அவர் நிமிர்ந்துவிட்டார்.

"செவலை எங்க இருக்கு?"

"படப்பைல சார். வண்டிக்குப் போயிடுச்சு. எல்லாம் சொல்லித்தான் வித்தேன்."

"என்ன விலைக்குப் போச்சு?"

"நூத்தைம்பது."

சார் கத்தரிக்காயைக் கையில் வைத்தபடி கொஞ்சம் யோசித்தார். "குறைவுதான்" என்றார். "அதுக்கு இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். நல்ல நடை."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கூட்டத்துக்குள் மெதுவாக நடந்தார். பை கனமாக இருந்தது, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போனார். வாங்கிக்கொண்டு கூடப் போகலாமா என்று ஜெயவேலு இரண்டடி எடுத்து வைத்தான். என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டான்.